கொலராடோவின் மலைச்சிங்க வேட்டைத் தடை: முன்மொழிவு 127 கேட்டது என்ன, வேட்டைக்காரர்கள் ஏன் எதிர்த்தார்கள்?

2024 நவம்பர் 5 அன்று அமெரிக்கா முழுக்க அதிபர் தேர்தல் பேச்சாக இருந்தபோது, கொலராடோ மாநில வாக்காளர்களின் சீட்டில் இன்னொரு கேள்வியும் இருந்தது. மலைச்சிங்கம், பாப்கேட், லிங்க்ஸ் என்ற மூன்று பூனையின விலங்குகளையும் வேட்டையாடத் தடை போடலாமா? இதுதான் முன்மொழிவு 127. ஏறக்குறைய 55 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள், 45 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள், தடை வரவில்லை. பூமா, கூகர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், மலைச்சிங்கம் அதே விலங்குதான்.

முதலில் இந்தக் கேள்வி எப்படி வாக்குச்சீட்டுக்கு வந்தது என்று பார்ப்போம், ஏனென்றால் சண்டையில் பாதி அதைப் பற்றியது. கொலராடோவில் சட்டமன்றம் மட்டும்தான் சட்டம் போடும் என்பதில்லை. குடிமக்களே ஒரு சட்ட வரைவை எழுதி, தேவையான கையெழுத்துகளைத் திரட்டினால் அது நேராக மக்கள் வாக்கெடுப்புக்குப் போகும். 2024-இல் அதற்கு 1,24,238 செல்லுபடியாகும் கையெழுத்துகள் வேண்டும். மாநில அரசியலமைப்பைத் திருத்துவதென்றால் 35 செனட் தொகுதிகளிலும் கையெழுத்து வாங்க வேண்டும், 55 சதவீத ஆதரவும் வேண்டும். சாதாரணச் சட்டத்துக்கு இரண்டும் தேவையில்லை. எல்லாக் கையெழுத்தையும் மாநிலத் தலைநகர் டென்வர் பக்கத்து நகரங்களிலேயே வாங்கிவிடலாம், பாதிக்கு மேல் ஒரு வாக்கு கிடைத்தால் போதும். மலைச்சிங்கம் நடமாடும் இடத்தில் வாழ்பவர் ஒருவர்கூடக் கையெழுத்துப் போடாமலே இது நடக்கலாம் என்று வேட்டைக்காரர்கள் கோபப்பட்டது இதனால்தான்.

சரி, வரைவு என்ன சொன்னது? 'டிராஃபி வேட்டை' என்ற சொல்லுக்கு அது ஒரு புது விளக்கம் கொடுத்தது. இந்த மூன்று விலங்குகளையும் வேண்டுமென்றே கொல்வது, காயப்படுத்துவது, துரத்துவது, பொறியில் பிடிப்பது எல்லாமே டிராஃபி வேட்டைதான், குற்றம்தான். மனித உயிருக்கோ கால்நடைக்கோ உடைமைக்கோ ஆபத்து வரும்போது தற்காப்புக்காகக் கொன்றால் விலக்கு உண்டு, அதிகாரிகளின் பணிக்கும் விலக்கு உண்டு. மீறுபவருக்கு அபராதம் கூடும், வேட்டை உரிமமும் பறிபோகும்.

எனக்கு இதில் உறுத்தியது லிங்க்ஸைச் சேர்த்தது. 2000-ஆம் ஆண்டிலிருந்தே அது மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது, மாநிலப் பட்டியலிலும் இருக்கிறது, 1999-இல் கொண்டுவந்து விட்டு வளர்த்தெடுத்த விலங்கு அது, வேட்டையாட ஏற்கெனவே அனுமதி இல்லை. சீட்டைப் படிக்கிற சாதாரண வாக்காளர், இன்றைக்கு லிங்க்ஸைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது என்றுதான் நினைப்பார். இந்த இடத்தில் வேட்டைக்காரர்களின் குறை நியாயமானது.

அவர்களுடைய அடுத்த குறை 'டிராஃபி' என்ற சொல் மேலேயே. தலையைச் சுவரில் மாட்டுவதற்காகக் கொல்வது என்றுதான் அந்தச் சொல் காதில் விழும். ஆனால் கொலராடோ விதிப்படி, கொன்ற மலைச்சிங்கத்தின் உண்ணத் தகுந்த இறைச்சியைச் சமையலுக்கு ஏற்றபடி எடுத்தே ஆக வேண்டும், காட்டில் விட்டுவிட்டுத் தோலை மட்டும் சுருட்டிக்கொண்டு வரக்கூடாது. மற்ற விதிகளும் லேசானவை அல்ல. உரிமம் வாங்குவதற்கு முன்னால் தனிப் பயிற்சி, தேர்வு. ஒவ்வொரு வேட்டைப் பகுதிக்கும் ஆண்டுக்கு இத்தனைதான் என்று உச்சவரம்பு இருக்கிறது, கிளம்புவதற்கு முன் அது நிரம்பிவிட்டதா என்று மாநில வனவிலங்குத் துறையிடம் பார்த்துக்கொள்ள வேண்டும், நிரம்பியிருந்தால் அந்தப் பகுதி மூடப்படும். குட்டியோடு இருக்கும் தாயைத் தொடக்கூடாது. கொன்றால் 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லி, 5 நாட்களுக்குள் நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அங்கே வயதைக் கணக்கிட ஒரு பல்லை எடுத்துக்கொள்வார்கள், தோலில் முத்திரை போடுவார்கள். மாநிலத்தில் வளர்ந்த மலைச்சிங்கங்கள் 3,800 முதல் 4,400 வரை என்பது வனவிலங்குத் துறையின் மதிப்பீடு, ஆண்டுக்கு வேட்டையில் சாவது 500-ஐ ஒட்டி. 1965-க்கு முன்பு கொன்று கொண்டுவருபவருக்குச் சன்மானம் கொடுத்த மாநிலம் இது. அந்த ஆண்டில்தான் சன்மானத்தை நிறுத்திவிட்டு உரிமத்தோடு மட்டும் வேட்டையாடும் விலங்காக மாற்றினார்கள், அதன் பிறகுதான் எண்ணிக்கை மீண்டது. முறைப்படுத்திய வேட்டையிலேயே மீண்ட விலங்கை இப்போது எதிலிருந்து காப்பாற்றுகிறீர்கள் என்பது அவர்கள் கேள்வி. தடை கேட்டவர்கள் இதற்குத் திருப்தியான பதில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் நாய் விஷயம் வேறு. கொலராடோவில் மலைச்சிங்க வேட்டை பெரும்பாலும் பனிக்காலத்தில், வேட்டைநாய்களை வைத்து நடக்கிறது, ஒரு கூட்டத்தில் 8 நாய்கள் வரை அனுமதி. பனியில் தடம் பார்த்து நாய்களை அவிழ்த்துவிடுவார்கள், அவை விரட்ட மலைச்சிங்கம் மரத்தில் ஏறும், வேட்டைக்காரர் கீழே வந்து நின்று சுடுவார். மரக்கிளையில் மாட்டிக்கொண்ட விலங்கைச் சுடுவது வேட்டையா என்று தடை கேட்டவர்கள் கேட்டார்கள். நாய் இருப்பதால்தான் ஆணா பெண்ணா, குட்டி உண்டா என்று நிதானமாகப் பார்த்து, தவறானது என்றால் விட்டுவிட முடிகிறது என்றார்கள் வேட்டைக்காரர்கள். வாதம் சரிதான், ஆனால் சுடப்படுவதில் பாதியை நெருங்கும் அளவுக்குப் பெண் விலங்குகள் இருக்கும்போது அந்த நிதானம் எங்கே போனது என்று கேட்கத் தோன்றுகிறது. பாப்கேட்டுக்கு அப்போது தனிநபர் வரம்பே கிடையாது, எத்தனை வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்பதையும் அவர்கள் அதிகம் பேசவில்லை.

அப்புறம் ஓநாய். 2020-இல் முன்மொழிவு 114 வழியாக ஓநாய்களைக் கொலராடோவுக்குத் திரும்பக் கொண்டுவரலாம் என்று மிகச் சிறிய வித்தியாசத்தில் மக்கள் வாக்களித்தார்கள், 2023 டிசம்பரில் ஒரிகனிலிருந்து பத்து ஓநாய்கள் வந்து இறங்கின, சில மாதங்களிலேயே கால்நடைகள் சாகத் தொடங்கின. அந்தப் புண் ஆறாத நேரத்தில் 127 வந்தது. காட்டைப் பற்றிய முடிவை ஆய்வாளர்களும் ஆளுநர் நியமித்த ஆணையமும் எடுக்கட்டும், வாக்குப்பெட்டி எடுக்க வேண்டாம் என்ற கோஷத்துக்குப் பண்ணைக்காரர்களிடமும் ஆதரவு கிடைத்தது. வனவிலங்குத் துறை இதில் வாய் திறக்கவில்லை. வாக்கெடுப்புக்கு வந்துவிட்ட ஒரு கேள்வியில் அரசுத் துறை பக்கம் எடுத்துப் பிரசாரம் செய்ய மாநிலச் சட்டம் அனுமதிக்காது.

இன்னொரு காரணம் பணம். வனவிலங்குப் பணிக்கான செலவில் பெரும்பங்கு வேட்டை, மீன்பிடி உரிமக் கட்டணத்திலிருந்து வருகிறது. 1937-ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலாகும் வரியும் மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. காட்டுக்குப் பணம் கட்டுகிறவன் நான்தான், என்னைத்தான் குற்றவாளி ஆக்குகிறீர்கள் என்று வேட்டைக்காரர் சொல்வதன் அடிப்படை இது.

வாக்கெடுப்பால் வந்த விதி என்ன செய்யும் என்பதற்கு மேற்குக் கரையின் இரண்டு மாநிலங்களைப் பாருங்கள். கலிஃபோர்னியா 1990-இல் முன்மொழிவு 117 மூலம் மலைச்சிங்க வேட்டையை நிரந்தரமாகத் தடை செய்தது. ஆடு மாடுகளை அடிக்கும் விலங்கைக் கொல்லச் சிறப்பு அனுமதி உண்டு, அதில் பல ஆண்டுகளில் நூறை ஒட்டிய எண்ணிக்கையில் செத்திருக்கின்றன. 1996-இல் அந்தத் தடையைத் தளர்த்த வந்த முன்மொழிவு 197-ஐ மக்கள் தோற்கடித்தார்கள். ஒரிகன் வேறு வழியில் போனது. 1994-இல் நாய் வைத்து வேட்டையாடுவதை மட்டும் தடுத்தார்கள், வேட்டையை விட்டுவைத்தார்கள். பிறகு மாநிலம் உரிமத்தை மலிவாக்கிப் பல்லாயிரம் பேருக்குக் கொடுத்தது, மான் வேட்டைக்குப் போகிறவர்கள் தற்செயலாகப் பார்த்ததைச் சுட்டார்கள், கொல்லப்பட்ட எண்ணிக்கை தடைக்கு முன்பு இருந்ததைத் தாண்டியது.

கொலராடோவில் தோற்ற வரைவைத் திரும்பக் கொண்டுவரச் சட்டத்தில் தடை இல்லை. புதிதாக எழுதி, திரும்பக் கையெழுத்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். லிங்க்ஸை எடுத்துவிட்டு, நாயையும் பாப்கேட் வரம்பையும் மட்டும் கேட்டிருந்தால் நானே ஆதரித்திருப்பேன்.