அலுமினிய டிரம்: எடை குறையும், சூடு எங்கே போகும்?

சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் கிண்ணம்தான் பிரேக் டிரம். அதைக் கழற்றியதும் மெக்கானிக் அண்ணன் முதலில் அதைத் தட்டிப் பார்ப்பார். ஒரு விரலில் தொங்கவிட்டு ஸ்பேனரால் லேசாக ஒரு தட்டு. ‘ணங்’ என்று மணி மாதிரி நீண்டால் வார்ப்பில் விரிசல் இல்லை. ‘டொக்’ என்று அடங்கினால் காயலான் கடைக்குப் போக வேண்டியதுதான்.

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருமுனையில் இருக்கிறது அவர் பட்டறை. அன்று கழன்றது என் அக்கா மகனின் மாருதி 800. 1998 மாடல், அவனைவிட மூத்த வண்டி. முந்தைய ஞாயிறு விடியலில் நந்தி மலைக்குப் போய் இறங்கும்போது பெடல் ஆழமாகப் போனதாம், பின்சக்கரத்தருகே கருகல் வாடையாம். அதற்கு அவனே ஒரு வைத்தியமும் கண்டுபிடித்திருந்தான். வார்ப்பிரும்பு டிரம்மைத் தூக்கிவிட்டு அதே அளவில் அலுமினிய டிரம். பீன்யாவில் ஒரு லேத் பட்டறையில் பேசியும் வைத்துவிட்டான்.

“வெயிட் பாதிக்கு மேல போயிடும் மாமா. பிக்கப், மைலேஜ், பிரேக், எல்லாமே ஏறும்.”

எடை விஷயத்தில் அவன் சொன்னது பொய்யில்லை. ஒரு டிரம் 3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன சென்டிமீட்டர் வார்ப்பிரும்பு சுமார் 7.2 கிராம், அலுமினியம் 2.7 கிராம். அச்சு அசலாகக் கடைந்தால் 3 கிலோ டிரம் 1.1 கிலோவுக்கு இறங்கிவிடும். இரண்டு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 4 கிலோ மிச்சம்.

ஆனால் ‘சுழலும் எடையைக் குறைத்தால் பலன் பல மடங்கு’ என்று ஒரு பேச்சு உலவுகிறதே, அது டிரம்முக்கு அவ்வளவாகப் பொருந்தாது. சுழலும் பொருளைச் சுற்றிவிடும் சிரமம் அதன் எடையை மட்டும் பொறுத்ததல்ல. அந்த எடை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதன் வர்க்கத்தையும் பொறுத்தது. டயரின் விளிம்பு அச்சிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி ஓடுகிறது. டிரம்மின் எடையோ 9 சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. கணக்குப் போட்டால் சுழற்சியால் கூடும் பலன் எட்டில் ஒரு பங்குதான். 4 கிலோ குறைத்தது நாலரை கிலோ குறைத்ததற்குச் சமம் என்று தாராளமாகவே சொல்லிக்கொள்ளலாம். டேங்கில் ஆறு லிட்டர் பெட்ரோல் குறைவாக இருந்தாலும் இதே பிக்கப்தான். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை குறைவதால் பள்ளத்தில் சக்கரம் சாலையை விட்டுக் குதிப்பது கொஞ்சம் அடங்கும், அது உண்மையான லாபம். நம் ஊர் சாலைக்கு அதையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

எடையைவிடப் பெரிய விஷயம் சூடு. பிரேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றும் சாதனம், அவ்வளவே. பெடலை மிதித்தால் எண்ணெய் அழுத்தம் வீல் சிலிண்டரின் இரண்டு பிஸ்டன்களையும் வெளியே தள்ளும். அவை பிறை வடிவ ஷூக்களை டிரம்மின் உள்சுவரில் அழுத்தும். அந்த இரண்டு ஷூக்களில் ஒன்றை, சுழலும் டிரம்மே இழுத்துக் கூடுதலாக இறுக்கிக்கொள்ளும். கதவுக்கு அடியில் ஆப்பு மாட்டிக்கொள்வது மாதிரி. சின்னக் காலழுத்தத்தில் டிரம் பிரேக் நன்றாகப் பிடிப்பதற்கு அதுதான் காரணம்.

இரண்டு பேரோடு 800 கிலோ வண்டி 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால் சுமார் 110 கிலோஜூல் சூடு பிறக்கும். நிற்கும்போது எடை முன்னே சாய்வதால் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்குப் போய்விடும். பின்னால் கால்பங்கு என்று கொண்டால் ஒரு டிரம்முக்கு 14 கிலோஜூல். 3 கிலோ இரும்பு டிரம் இதில் 10 டிகிரி சூடாகும். அதே அளவு அலுமினிய டிரம் 14 டிகிரி சூடாகும். அலுமினியம் கிலோவுக்குக் கிலோ இரும்பைவிட இரு மடங்கு சூட்டை வாங்கிக்கொள்ளும்தான். ஆனால் நாம் கிலோவுக்குக் கிலோ மாற்றவில்லையே, மூன்றில் ஒரு பங்கு எடையை அல்லவா வைக்கிறோம்? அலுமினிய டிரம் சின்ன டம்ளர், சீக்கிரம் நிரம்பும்.

சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் நகரும் வண்டிக்கு இது பொருட்டே இல்லை. 20 கிலோமீட்டர் வேகத்தில் பிறக்கும் சூடு 60-ல் பிறப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான். நந்தி மலை வேறு கதை. 400 மீட்டர் உயரம் இறங்குகிறோம் என்று வையுங்கள். 60-லிருந்து இருபத்தெட்டு முறை நிற்பதற்குச் சமமான சூடு. கியரை நியூட்ரலில் போட்டு முழுவதையும் பிரேக்கிலேயே இறக்கினால், காற்று எதையும் கொண்டுபோகாவிட்டால், இரும்பு டிரம் 280 டிகிரி ஏறும், அலுமினியம் 385. காற்று கொண்டுபோகத்தான் செய்யும், ஆகவே இவை உச்சவரம்பு. ஆனால் அலுமினியம் உருகுவது 660 டிகிரியில் என்றாலும் 200-ஐத் தாண்டும்போதே வலு இழக்கத் தொடங்கிவிடும்.

அப்படியானால் விவரம் தெரிந்தவர்கள் ஏன் அலுமினிய டிரம் செய்தார்கள்? 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் ப்யூக் கார்களில் துடுப்பு துடுப்பாக நீட்டிக்கொண்டிருந்த அலுமினிய முன் டிரம்கள் பேர்போனவை. அலுமினியக் கலவை, வார்ப்பிரும்பைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் சூட்டைக் கடத்தும். ஷூ உரசும் இடத்தில் சூடு தேங்காமல் வெளிப்பக்கம் ஓடிவிடும். அங்கே துடுப்புகள் அதைக் காற்றில் விடும். துடுப்பு முக்கியம். உலோகம் எதுவானாலும் காற்றுக்குச் சூட்டைக் கொடுப்பது மேற்பரப்பின் வேலை. எஃகு ரிம்முக்குள், வீல் கப்புக்குப் பின்னால் வழவழவென்று ஒரு அலுமினிய டிரம்மை ஒளித்துவைத்தால் அது சூட்டை வெளித்தோல்வரை கொண்டுவந்துவிட்டு அங்கேயே நிற்கும்.

இதை நான் விரிவாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் அலமாரியிலிருந்து ஒரு பைக்கின் பின் ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

“உள்ள பாரு தம்பி.”

வெளியே வெள்ளி மாதிரி அலுமினியம். ஷூ உரசும் உள்சுவரில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். அந்த வளையம் வார்ப்பிரும்பு. ப்யூக் டிரம்மிலும் இதே ஏற்பாடுதான். ஷூவோடு உரச அலுமினியம் லாயக்கில்லை; மென்மையானது, கீறிக்கொள்ளும், இழுவிக்கொள்ளும். வார்ப்பிரும்புக்குள் கிராஃபைட் செதில்கள் பரவியிருக்கின்றன. அவை தேய்மானத்தையும் தாங்கும், அதிர்வையும் உறிஞ்சிக் கீச்சொலியை அடக்கும்.

அந்த வளையத்தை அலுமினியத்துக்குள் நிறுத்துவதுதான் கலை. சூடேறினால் அலுமினியம் இரும்பைப்போல இரு மடங்கு விரியும். வெறுமனே அழுத்திச் செருகிய வளையமாக இருந்தால் சூட்டில் அலுமினியம் விலகிக்கொள்ளும். நடுவே மயிரிழை இடைவெளி வந்தால் போதும், சூடு கடக்காது, வளையமும் சுற்றத் தொடங்கும். அதனால் வளையத்தின் வெளிப்புறத்தைச் சொரசொரப்பாக வார்த்து அதைச் சுற்றி அலுமினியத்தை ஊற்றுவார்கள். ஆல்ஃபின் என்ற முறையில் இரும்பு வளையத்தை முதலில் உருகிய அலுமினியத்தில் முக்கி, இரண்டும் கலந்த ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கி, அதன்மேல் வார்ப்பார்கள். லேத்தில் கடைந்து வருவதல்ல இந்தப் பிணைப்பு.

வளையம் இல்லாத பீன்யா டிரம்முக்கு விரிவு இன்னொரு வம்பு. டிஸ்க் பிரேக்கில் தட்டு சூடானால் அதைப் பிடிக்கும் பேடை நோக்கித் தடிக்கும். டிரம் சூடானால் ஷூவை விட்டு விலகும். 180 மில்லிமீட்டர் விட்டம், 200 டிகிரி ஏற்றம் என்றால் இரும்பு டிரம் 0.4 மில்லிமீட்டர் அகலும், அலுமினியம் 0.8. கேட்க அற்பம். ஆனால் ஷூவுக்கும் டிரம்முக்கும் விடும் இடைவெளியே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் சில பங்குதான். பெடல் ஆழமாகப் போகிறது என்று வந்தவனுக்கு இன்னும் ஆழமாகப் போகும் வைத்தியம்!

அண்ணன் காட்டியதில் எனக்குப் புதிதாக இருந்தது பேரிங். பல சின்னக் கார்களில் பின் டிரம்மும் ஹப்பும் ஒரே வார்ப்பு, பேரிங் அதற்குள்ளேயே உட்காரும். அவர் அந்தப் பைக் ஹப்பை ஸ்டவ்மேல் சற்று நேரம் காட்டினார். சுத்தியலால் அடித்தும் இறங்காமல் அடம்பிடிக்கும் பேரிங், இப்போது விரலால் வைத்ததும் ‘பொத்’தென்று உள்ளே விழுந்தது.

“சூடானா எறங்குது பாத்தியா? ஓடும்போது சூடானாலும் இதே மாதிரி லூசாவும்.”

52 மில்லிமீட்டர் துளையில் 80 டிகிரி ஏறினால், எஃகு பேரிங்கைவிட அலுமினியம் 0.045 மில்லிமீட்டர் அளவுக்குக் கூடுதலாக அகலும். பேரிங்கைப் பிடித்துவைத்திருக்கும் இறுக்கமே பெரும்பாலும் அவ்வளவுதான். பைக்கில் இது சமாளிக்கப்படுகிறது என்றால், ஆளோடு சேர்த்தும் அதன் எடை காரில் கால்பங்கு, சூடும் அப்படியே. இறுக்கமும் அதற்கேற்பக் கணக்கிட்டு வைத்தது. இரும்புக்குப் போட்ட அளவை அப்படியே அலுமினியத்தில் கடைந்தால் அந்தக் கணக்கு உடைந்துபோகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றாதே என்கிறது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டியை எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோகும்போது அதுவும் ஞாபகம் இருக்க வேண்டும்.

அந்தக் காருக்கென்றே வார்த்த, வளையம் பிணைந்த, துடுப்பு வைத்த டிரம் கிடைத்தால் நானே மாட்டச் சொல்வேன். மழைத்தண்ணீரில் அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடம் அரித்துக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் என்பதால் வருடம் ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டும். மாட்டிய சில நாளில் வீல் நட்டையும் ஒருமுறை இறுக்க வேண்டும். அதெல்லாம் சின்ன வேலை.

பையன் ஹப்பையே உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் டார்ச்சை எடுத்து, கழற்றிய சக்கரத்தின் பின்தட்டில் அடித்தார். வீல் சிலிண்டரின் ரப்பருக்குக் கீழே ஈரமாக ஒரு கறுப்புத் தாரை, அது ஷூவின் மேல்முனையை நனைத்திருந்தது. எண்ணெய் குடித்த ஷூ பிடிக்காது, சூடானால் புகைந்து நாறும். டப்பாவில் இருந்த பிரேக் ஆயிலோ டிகாஷன் நிறம். புது டாட் 3 ரக பிரேக் ஆயில் 205 டிகிரிவரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிப் பழசானால் 140-லேயே கொதித்துக் குமிழி விடும். பெடல் அந்தக் குமிழியைத்தான் மிதித்துக்கொண்டிருந்திருக்கும்.

“எந்த கியர்ல எறங்கின?” என்றார்.

“நியூட்ரல்ல அண்ணா. பெட்ரோல் மிச்சமாவும்னு.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பழைய சீட்டு ஒன்றின் பின்னால் எழுதிக் கொடுத்தார்: சிலிண்டர் ரெண்டு, ஷூ ஒரு செட், ஆயில் அரை லிட்டர். ஜே.சி. ரோடு கடைகள் மூடுவதற்குள் அவன் என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினான்.