பழைய லிவர் உடைந்தால்: லேத்தா, மில்லிங்கா, வார்ப்பா?

எண்பது வருஷப் பழைய இயந்திரம் ஒன்றில் லிவர் உடைந்துவிட்டது, மாற்றுப் பாகம் எங்கேயும் கிடைக்காது என்று வைத்துக்கொள்வோம். உடனே எல்லோரும் கேட்பது, லேத்தில் (பாகத்தைச் சுழற்றி வெட்டும் கடைசல் இயந்திரம்) செய்யலாமா, சிஎன்சியில் (கணினி ஓட்டும் வெட்டு இயந்திரம்) போடலாமா, ஸ்கேன் பண்ணி த்ரீடி பிரின்ட் எடுத்துவிடலாமா என்றுதான். அதற்கு முன்னால் உடைந்த துண்டின் எண்ணெய் அழுக்கைத் துடைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். எப்படிச் செய்தார்கள் என்பது மேற்பரப்பிலேயே இருக்கும்.

சொரசொரப்பான தோல், நடுவே தையல் போல ஓடும் கோடு, பக்கங்களில் லேசான சரிவு இருந்தால் அது வார்ப்பு, அதாவது உருகிய உலோகத்தை மணல் அச்சில் ஊற்றிச் செய்தது. அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடம்தான் அந்தக் கோடு, அச்சுப் பதிக்க மணலில் புதைத்த மாதிரியை உருவ வசதியாக வைத்ததுதான் அந்தச் சரிவு. வட்ட வட்டமாகக் கீறல் ஓடினால் லேத். வில் வில்லாக இருந்தால் மில்லிங், அதாவது சுழலும் கட்டரால் செதுக்கியது. ஒரே திசையில் நேர்கோடுகள் என்றால் பெரும்பாலும் ஷேப்பர், முன்னும் பின்னும் ஓடும் உளியால் சீவும் இயந்திரம்.

சரி, வார்ப்பு என்று தெரிந்துவிட்டால் நாமும் வார்க்க வேண்டுமா? அவசியமில்லை. அன்றைக்கு அதே பாகம் நிறைய வேண்டியிருந்தது, மாதிரி செய்த செலவு அத்தனையிலும் பிரிந்துவிடும். நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கெட்டியான எஃகுக் கட்டையை வாங்கி மில்லிங்கில் செதுக்குவது அநேகமாக மலிவு, பழைய வார்ப்பிரும்பைவிட பலமும் கூடுதல். வளைவு நெளிவு அதிகம், உள்ளே குடைவு வேறு இருக்கிறது என்றால்தான் வார்ப்புப் பக்கம் போகலாம். அப்போதும் பழைய பாகத்தையே ஒட்டி மணலில் அழுத்தினால் ஏமாந்துபோவோம்: வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் 1 சதவீதம் சுருங்கும், 200 மில்லிமீட்டர் லிவர் 198 ஆக வெளியே வரும், துளைகளுக்கு நடுவே உள்ள தூரமும் அதே கணக்கில் குறையும்.

முறையைத் தேர்ந்தெடுக்க என்னைக் கேட்டால் ஒரே கேள்விதான், எந்த முகம் வேலை செய்கிறது? கைப்பிடி ஒரு மில்லிமீட்டர் தடித்தாலும் யாருக்கும் தெரியாது, அரத்தாலேயே ராவி முடித்துவிடலாம். தண்டு நுழையும் துளை அப்படியில்லை, அங்கே மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு கூடினாலும் ஆட்டம் கொடுக்கும், ஆகவே ட்ரில் போட்டதோடு விடாமல், துளையைத் துல்லிய அளவுக்குச் சீவ போரிங் அல்லது ரீமர். துளைக்குள் இருக்கும் கீவே, அதாவது லிவரைத் தண்டோடு பூட்டும் சாவிக்கட்டைக்கான காடி, இன்னொரு தலைவலி. மில்லிங் கட்டர் சுழன்று வெட்டுவதால் உள்மூலையைத் தன் ஆரத்துக்கு வளைத்துவிடும். கூரான மூலை வேண்டுமென்றால் ப்ரோச் (பல்வரிசை உளி), ஸ்லாட்டிங் (மேலும் கீழும் ஓடும் உளி), இல்லையென்றால் வயர் கட். வயர் கட்டில் 0.25 மில்லிமீட்டர் அளவுள்ள கம்பியிலிருந்து தெறிக்கும் மின்பொறிதான் வெட்டுகிறது, கம்பி உலோகத்தைத் தொடுவதே இல்லை, அதனால் கடினப்படுத்திய எஃகும் மெல்லிய சுவரும்கூட நெளியாமல் அறுபடும். என்ன, கொஞ்சம் மெதுவான வேலை.

அளவெடுக்க ஸ்கேனரை மட்டும் நம்பாதீர்கள், அது தேய்மானத்தையும் சேர்த்து நகலெடுக்கும். தண்டு 12.61 மில்லிமீட்டர் காட்டுகிறதா? தேயாத ஓரமாகப் பார்த்து மைக்ரோமீட்டர் வையுங்கள். 12.7 வந்தால் அது அரை அங்குலம். வரைந்தவர் அங்குலத்தில் யோசித்திருக்கிறார், மற்ற அளவுகளையும் அங்குலப் பின்னத்தில்தான் தேட வேண்டும்.

லிவரை இறுக்கும் திருகிலும் இதே கதைதான். 1841இல் ஆங்கிலப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த மரைக்கு 55 டிகிரி கோணம், இன்றைய மெட்ரிக் மரைக்கு 60. அமெரிக்கத் தர மரையான யூஎன்சிக்கும் 60தான், ஆனால் கால் அங்குலத்தில் விட்வொர்த், யூஎன்சி இரண்டுக்குமே அங்குலத்துக்கு 20 மரை என்பதால் ஒன்றில் ஒன்று ஏறிவிடும். ஏறிவிட்டதே என்று விட்டுவிட்டால், மரைச்சுவர்கள் முழுசாகப் பதியாமல் பாரமெல்லாம் குறுகிய இடத்தில் விழும். அரை அங்குலத்தில் 12க்கு 13 என்று வேறுபடுவதால் சில சுற்றிலேயே இறுகிக்கொள்ளும், தப்பு அங்கேயே தெரிந்துவிடும். விட்வொர்த் மரை வெட்டும் டேப், டை இப்போதும் கிடைக்கின்றன. கைக்கு எட்டவில்லை என்றால் லேத் டூலை 55 டிகிரிக்குத் தீட்டி மரை வெட்டிக்கொள்ளலாம்.