ஆதார் இல்லையா? குழந்தைக்குத் தடுப்பூசி போடாமல் திருப்பி அனுப்பக் கூடாது

ஆரம்ப சுகாதார நிலைய வாசலிலிருந்து ஊசி போடாமலேயே திரும்பும் தாய்மார்களைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் இந்தியாவில் 1985இல் தொடங்கியது. வருமான வரம்பு கிடையாது. குழந்தை எந்த மருத்துவமனையில், எந்த மாநிலத்தில் பிறந்திருந்தாலும் இலவசம். ஆதார் இல்லை, இது உங்கள் பகுதி இல்லை என்பதெல்லாம் மறுப்பதற்கான காரணங்களே அல்ல.

அதிகம் கேட்கும் பதில்: "ஒரு குழந்தைக்காகக் குப்பியைத் திறக்க முடியாது, அடுத்த வாரம் வாருங்கள்." ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். காசநோய்க்கான பிசிஜி, தட்டம்மை-ரூபெல்லா ஆகியவை தூளாக வருபவை, கலந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், மிஞ்சியதைக் கொட்டத்தான் வேண்டும். வீணாகும் மருந்துக்குக் கணக்குச் சொல்லப் பயந்து ஆள் சேரும்வரை காத்திருக்கிறார்கள். ஒரே ஒரு குழந்தை வந்தாலும் திறக்கலாம் என்பதுதான் விதி. கூலியை இழந்து வந்தவர் அடுத்த வாரமும் வருவார் என்பது என்ன நிச்சயம்?

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி நோய்க்கு எதிராகப் பிறந்தவுடன் போடும் ஊசிக்கு 24 மணி நேரம்தான் கெடு. ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை என்று தள்ளினால் அந்த முதல் ஊசி போனது போனதுதான். டிஸ்சார்ஜ் வரை காத்திருக்காமல், பிறந்த அன்றே கேட்டு வாங்கி அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.

"நாள் தவறிவிட்டது, முதலிலிருந்து போட வேண்டும்" என்று சொன்னால் நம்பாதீர்கள். பலவீனமாக்கப்பட்ட அல்லது கொல்லப்பட்ட கிருமியை, சிலவற்றில் அதன் ஒரு துண்டை மட்டும், தடுப்பூசி உடலுக்குக் காட்டுகிறது. உடல் எதிர்ப்புப் பொருள்களைத் தயாரிப்பதோடு, அந்தக் கிருமியை நினைவில் வைக்கும் செல்களையும் உருவாக்கிக்கொள்கிறது. அடுத்த தவணை அந்த நினைவைப் பலப்படுத்துகிறது. தவணை தள்ளிப்போனால் நினைவு அழிந்துவிடாது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் தொடங்குவதற்கு ஒரு கெடு இருக்கிறது: பிசிஜி, ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டாவேலண்ட், வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கான தடுப்பு மருந்து ஆகிய மூன்றின் முதல் தவணையை ஒரு வயதுக்குள் போட்டாக வேண்டும். ஆகவே பெண்டாவேலண்டும் ரோட்டாவும் தொடங்கும் ஆறாவது வாரத்தைத் தவறவிடாதீர்கள். பிறகு பத்து, பதினான்காம் வாரங்கள்.

லேசான சளி, வயிற்றுப்போக்கு, இளங்காய்ச்சல் ஆகியவற்றுக்காக ஊசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. பிசிஜி போட்ட இடத்தில் தழும்பு வரவில்லை என்று மறுபடி போடவும் வேண்டாம்.

தாய் சேய் நல அட்டையை மொபைலில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்துபோனால் நிலையத்தின் பதிவேட்டில் விவரம் இருக்கும்; "அட்டை இல்லையென்றால் ஊசி இல்லை" என்பது அவர்கள் வசதிக்குச் சொல்வது. கிளம்பும் முன் எந்த ஊசி, எந்தத் தேதி, அடுத்தது எப்போது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பள்ளியில் சேர்க்கும்போது வெறும் டிக் குறி உதவாது.

மறுத்தால் சண்டை வேண்டாம். "என்ன காரணம் என்று எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். பல நேரம் அதற்குள் குப்பி திறந்துவிடும். இல்லையென்றால் மருத்துவ அலுவலரைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணும் இருக்கிறது.

ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். பெண்டாவேலண்டுக்குப் பிறகு காய்ச்சலும் வீக்கமும் வருவது வழக்கம். அதற்காக அடுத்த தவணையை நிறுத்தாதீர்கள். வலிப்போ கடுமையான ஒவ்வாமையோ வந்திருந்தால் மட்டும், அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.