நீராவி டர்பைன்: நிறுத்தும்போதுதான் பாகங்கள் புரியும்

புதிதாக ஷிப்டுக்கு வருபவர்களிடம் டர்பைன் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் மளமளவென்று சொல்லிவிடுவார்கள். பாய்லரிலிருந்து நீராவி வரும், பிளேடுகளைச் சுழற்றும், ஜெனரேட்டர் சுற்றும், வேலை முடிந்த நீராவி கண்டென்சரில் தண்ணீராகும். சரிதான். "இப்போது டர்பைன் ட்ரிப் ஆகிவிட்டது (பாதுகாப்புக்காகத் திடீரென்று நிறுத்தப்பட்டுவிட்டது), அடுத்த அரை மணி நேரத்தில் எந்தப் பாகம் என்ன செய்யும்?" என்று கேட்டால் பாதிப் பேர் யோசிக்க ஆரம்பிப்பார்கள். டர்பைனைச் சுற்றியிருக்கும் பாகங்களில் பெரும்பகுதி அந்த அரை மணி நேரத்துக்காகவே வைக்கப்பட்டவை என்பேன். அதனால் ஓடுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, நிற்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

பெரிய அனல்மின் யூனிட்டுகளில் நீராவி ஏறத்தாழ 170 பார் அழுத்தத்தில், 540 டிகிரி செல்சியஸில் உள்ளே வருகிறது. அசையாமல் நிற்கும் நாசில்கள் அந்த அழுத்தத்தை வேகமாக மாற்றுகின்றன. ரோட்டாரில், அதாவது சுழலும் தண்டில், இருக்கும் பிளேடுகள் அந்த வேகத்தைச் சுழற்சியாக வாங்கிக்கொள்கின்றன. இப்படி வரிசை வரிசையாகப் பல நிலைகள். கண்டென்சரில் இருப்பது சுமார் 0.1 பார்தான். அங்கே போய்ச் சேர்வதற்குள் ஒரு கிலோ நீராவியின் கன அளவு 600 மடங்குக்கு மேல் பெருகிவிடும். உயர் அழுத்தப் பகுதியில் விரல் நீளத்தில் இருக்கும் பிளேடு கடைசி நிலையில் ஒரு மீட்டர் வரை நீள்வதற்கு இதுதான் காரணம். 3000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3000 சுற்று) அந்தப் பிளேடின் நுனி நொடிக்கு 500 மீட்டருக்கு மேல் போகிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வேகம் எகிறுவதைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

லோடு இருக்கும் வரை ஜெனரேட்டர்தான் டர்பைனுக்குக் கடிவாளம். கிரிடோடு (மின்கட்டமைப்போடு) இணைந்திருக்கும் ரோட்டார் தன் இஷ்டத்துக்கு வேகமெடுக்க முடியாது. ஜெனரேட்டரைக் கிரிடிலிருந்து பிரிக்கும் சுவிட்சான பிரேக்கர் திறந்த நொடியில் அந்தக் கடிவாளம் போய்விடும். நீராவி உள்ளே வந்துகொண்டே இருந்தால் சில நொடிகளில் வேகம் அபாய அளவைத் தாண்டிவிடும். சுழற்சி வேகம் 10 சதவீதம் கூடினால் பிளேடின் வேரை வெளியே இழுக்கும் விசை 21 சதவீதம் கூடும், ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஓவர்ஸ்பீடு ட்ரிப்பைப் பொதுவாக 110 சதவீதத்தை ஒட்டி, அதாவது 3300 ஆர்பிஎம் அருகே வைப்பது இதனால்தான்.

டர்பைனுக்கு நீராவி வரும் வழியில் இருக்கும் ஸ்டாப் வால்வையும் கண்ட்ரோல் வால்வையும் பாருங்கள். இரண்டையும் திறந்து வைத்திருப்பது எண்ணெய் அழுத்தம், மூடுவது ஸ்பிரிங். எண்ணெய் அழுத்தம் எந்தக் காரணத்தால் போனாலும் வால்வு மூடத்தான் செய்யும். நல்ல வடிவமைப்பு. ஆனால் ட்ரிப்பின்போது அந்த எண்ணெயை வடித்துவிடும், மின்காந்தத்தால் இயங்கும் சோலினாய்டு வால்வு இறுகிப்போனாலோ, ஸ்டாப் வால்வின் தண்டில் படிவு ஏறிப் பாதியில் பிடித்துக்கொண்டாலோ, ஸ்பிரிங் எவ்வளவு வலுவாக இருந்தும் பயனில்லை. அமெரிக்காவின் சலேம் அணுமின் நிலையத்தில் 1991 நவம்பரில் நடந்தது அதுதான். இரண்டாவது யூனிட்டில் டர்பைன் பாதுகாப்பு அமைப்பைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, இயங்க வேண்டிய சோலினாய்டுகள் இயங்கவில்லை. 1800 ஆர்பிஎம்மில் ஓட வேண்டிய டர்பைன் சுமார் 2900 வரை போனது. இழுவிசை இரண்டரை மடங்குக்கும் மேல். பிளேடுகள் பிய்ந்து உறையைத் துளைத்துக்கொண்டு வெளியே பறந்தன, ஹைட்ரஜனும் எண்ணெயும் தீப்பிடித்தன. உயிரிழப்பு இல்லாமல் போனது பெரிய விஷயம்.

ஒன்றுக்கு மேற்பட்ட சோலினாய்டுகள் இருக்கின்றன என்ற நம்பிக்கை எல்லாவற்றிலும் ஒரே அழுக்கு படிந்திருந்தால் உதவாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக இயக்கிப் பார்க்காத சோதனை என்னைப் பொறுத்தவரை சோதனையே இல்லை. லோடில் இருக்கும்போதே ஸ்டாப் வால்வைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கும் சோதனையை, "உற்பத்தி பாதிக்கும்" என்று தள்ளிப்போடுவதை நிறைய இடங்களில் பார்த்திருக்கிறேன். அடைக்க மறுக்கும் வால்வை வைத்துக்கொண்டு என்ன உற்பத்தி?

பிரேக்கர் திறக்கும் வரிசையும் இதனால்தான் முக்கியம். ஜெனரேட்டரிலோ மின்பக்கத்திலோ பழுது இல்லாத சாதாரண ட்ரிப்பில் முதலில் நீராவி வால்வுகள் மூட வேண்டும். ஜெனரேட்டர் கிரிடிலிருந்து கொஞ்சம் மின்சாரத்தை எதிர்த்திசையில் இழுக்கத் தொடங்கியதை ரிவர்ஸ் பவர் ரிலே கண்ட பிறகே பிரேக்கர் திறக்க வேண்டும். நீராவி உண்மையிலேயே நின்றுவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. அவசரப்பட்டுக் கையால் பிரேக்கரைத் திறப்பவர்கள் அந்தச் சாட்சியை இழக்கிறார்கள். அதற்காக அந்த நிலையில் வெகுநேரம் விட்டுவைக்கவும் கூடாது. நீராவி ஓட்டம் இல்லாமல் சுற்றும் கடைசி நிலைப் பிளேடுகள் சூடேறிவிடும்.

பலரும் மறக்கும் ஒரு பாகம், டர்பைனின் நடுநிலைகளிலிருந்து ஃபீட் வாட்டர் ஹீட்டர்களுக்கு (பாய்லருக்குப் போகும் நீரைச் சூடாக்குபவை) நீராவி எடுத்துச் செல்லும் குழாய்களில் இருக்கும், ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு. ட்ரிப் ஆனதும் டர்பைன் உள்ளே அழுத்தம் சடாரென்று இறங்குகிறது. ஹீட்டரில் இருக்கும் கொதிநீரின் ஒரு பகுதி உடனே ஆவியாகிப் பின்னோக்கி வரும். பிரதான வால்வுகள் கச்சிதமாக மூடியிருந்தாலும், இந்தப் பின்வாசல் வழியாக வேகம் கூடலாம். ஹீட்டரில் நீர்மட்டம் ஏறியிருந்தால் ஆவியோடு தண்ணீரும் வந்து சூடான ரோட்டாரில் அடிக்கும். அது இன்னும் மோசம்.

சரி, நீராவி நின்றுவிட்டது. பல டன் எடையுள்ள ரோட்டார் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. பெரிய இயந்திரங்கள் நிற்க அரை மணி நேரம்கூட ஆகும். அவ்வளவு நேரமும் ஜர்னலுக்கும் (பேரிங்குக்குள் சுழலும் ஷாஃப்டின் பகுதி) பேரிங்கின் வெள்ளை உலோகத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் வேண்டும். அந்த உலோகம் சுமார் 240 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும், எண்ணெய் நின்றால் அந்தச் சூட்டை எட்ட அதிக நேரம் ஆகாது. பல டர்பைன்களில் பிரதான எண்ணெய் பம்பு ஷாஃப்டோடு இணைந்தே ஓடுகிறது. வேகம் குறைந்தால் அதன் அழுத்தமும் குறையும். அப்போது ஏசி பம்பு தானாகக் கிளம்ப வேண்டும். ஏசி மின்சாரமே இல்லையென்றால் பேட்டரியில் ஓடும் டிசி பம்பு.

இந்த டிசி பம்புதான் கடைசித் தற்காப்பு. பல இடங்களில் இதன் வாராந்திரச் சோதனை என்பது கண்ட்ரோல் ரூமில் பட்டனை அழுத்தி, விளக்கு எரிந்ததும் பதிவேட்டில் டிக் போடுவதோடு முடிந்துவிடுகிறது. பட்டனுக்குப் பம்பு ஓடுகிறது என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரியும். உண்மையான ட்ரிப்பில் பட்டனை அழுத்த ஆள் இருக்காது, எண்ணெய் அழுத்தம் குறைவதைப் பிரஷர் சுவிட்ச் உணர்ந்து பம்பைக் கிளப்ப வேண்டும். எனவே சுவிட்சுக்கு எண்ணெய் அழுத்தத்தைக் கொண்டுபோகும் சிறு குழாயான இம்பல்ஸ் லைனில் இருக்கும் சோதனை வால்வைத் திறந்து, அழுத்தத்தை மெல்ல இறக்கிப் பாருங்கள். எந்த அழுத்தத்தில் பம்பு கிளம்பியது என்று எழுதி வையுங்கள். பம்பு ஓடும்போது டிஸ்சார்ஜ் அழுத்தத்தையும் பேட்டரி வோல்டேஜையும் பாருங்கள். ரவுண்ட்ஸ் போகும்போது ஒவ்வொரு பேரிங்கின் எண்ணெய்த் திரும்பு குழாயிலும் உள்ள கண்ணாடியில் எண்ணெய் ஓடுவதைக் கண்ணால் பார்க்கும் பழக்கமும் இருக்கட்டும்.

கண்டென்சரில் இருக்கும் வேக்கம் (வெற்றிடம்) விஷயத்தில் ஒரு வரிசை உண்டு. ஷாஃப்ட் உறையை விட்டு வெளியே வரும் இடத்தில் உள்ள கிளாண்டு என்னும் சீலுக்கு நீராவி கொடுத்துக் காற்று உள்ளே புகாமல் தடுக்கிறோம். வேக்கம் இருக்கும்போது கிளாண்டு நீராவியை நிறுத்தினால் குளிர்ந்த காற்று சூடான ஷாஃப்டை ஒட்டியே உள்ளே பாயும். ஆகவே முதலில் கண்டென்சருக்குள் காற்றை விட்டு வேக்கத்தை உடைக்க வேண்டும், அது முழுதாகப் போன பிறகுதான் கிளாண்டு நீராவியை நிறுத்த வேண்டும். முழு வேகத்தில் வேக்கத்தை உடைப்பது, பேரிங் எரிகிறது அல்லது அதிர்வு கட்டுக்கு மீறிவிட்டது போன்ற நிலையில், ரோட்டார் சீக்கிரம் நிற்க வேண்டும் என்பதற்காக மட்டுமே.

ரோட்டார் நின்றதும், அதை மோட்டாரால் மெதுவாகச் சுற்றும் டர்னிங் கியர். உறைக்குள் சூடு மேலே தேங்கும். அசையாமல் கிடக்கும் ரோட்டாரின் மேல்பக்கம் கீழ்ப்பக்கத்தைவிடச் சூடாக இருந்து அதிகமாக விரிவடைய, ரோட்டார் மேல்நோக்கி வளையும். மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் குளிரும். குறைந்த வேகத்தில் எண்ணெய்ப் படலம் தானாக உருவாகாது என்பதால், பெரிய ரோட்டார்களை ஜாக்கிங் ஆயில் பம்பு அதிக அழுத்தத்தில் தூக்கிப் பிடித்துக்கொள்கிறது. உலோக வெப்பநிலை தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறங்கும் வரை இதை நிறுத்தக் கூடாது. ஓரிரு நாள்கூட ஆகும், நிர்வாகம் அவசரப்படுத்தினாலும் ஆகும்.

டர்னிங் கியர் பழுதானால் கையால் குறிப்பிட்ட இடைவெளியில் அரைச் சுற்று திருப்பி விடலாம். ரோட்டார் ஏற்கெனவே வளைந்து சீல்களில் பிடித்துக்கொண்டது என்றால் கிரேன் போட்டு இழுப்பதோ, நீராவி கொடுத்துக் கிளப்பப் பார்ப்பதோ வேண்டவே வேண்டாம். பேரிங்குகளுக்கு எண்ணெயை ஓட விட்டு, வடிகால்கள் வழியாகவும் கிளாண்டு வழியாகவும் நீரோ குளிர்காற்றோ உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டு, அப்படியே விட்டுவையுங்கள். மேலும் கீழும் வெப்பநிலை சமமாக ஆக வளைவு பெரும்பாலும் தானாகவே நிமிரும். அப்புறம் கையால் தளர்வாகச் சுற்றுகிறதா என்று பார்த்து, மறுபடி டர்னிங் கியரில் போட்டு, ரோட்டாரின் விலகல் பழைய அளவுக்குத் திரும்பிய பிறகே அடுத்த ஸ்டார்ட்டைப் பற்றிப் பேசலாம்.