பம்ப் போன பில்லுக்குப் பின்னால் ஒரு தேன்கூடு

போன மாதம் குரோம்பேட்டை சிக்னலில் வண்டி நின்றுவிட்டது. 125 சிசி பைக், வாங்கி நாலு வருடம்தான் ஆகிறது. செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் எடுக்கவில்லை. வெயிலில் தள்ளிக்கொண்டே போய் வழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். அவர் எந்த ஸ்பானரையும் எடுக்கவில்லை. சாவியை ஆன் செய்துவிட்டு டேங்க் மேல் காதை வைத்தார்.

“சத்தமே இல்ல தம்பி. பம்ப் போச்சு.”

இன்றைய வண்டிகளில் சாவியைத் திருப்பியதும் டேங்குக்குள்ளிருந்து ஓரிரண்டு விநாடி ‘ஙொய்ங்’ என்று ஒரு சத்தம் வரும். பெட்ரோல் பம்ப் குழாயில் அழுத்தம் ஏற்றுகிற சத்தம் அது. என் வண்டியில் அது வரவில்லை. பில் 4,200 ரூபாய். லேபர் 300 போக மீதி முழுக்க ஒரே சாமானுக்கு. இதற்கு முன்பு வைத்திருந்த பழைய வண்டி இதேபோல் படுத்தால் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரைக் கழற்றி, அதன் நுண்துளையான ஜெட்டை ஊதி, மாட்டிக் கொடுப்பார். 150 ரூபாய், ஒரு டீ.

“எல்லாம் பி.எஸ். 6 வந்ததோட வினை” என்று கடையில் உட்கார்ந்திருந்த ஒருவர் சொன்னார். தப்பில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 என்ற அந்த மாசு விதி நாடு முழுவதும் அமலுக்கு வந்தது. ஆனால், புகையைப் பற்றிய விதி டேங்குக்குள் எதற்கு மோட்டாரைக் கொண்டுபோய் வைத்தது? பதில் டேங்கில் இல்லை, வண்டியின் மறுகோடியில், சைலன்சருக்குள் இருக்கிறது.

சைலன்சரை அறுத்துப் பார்த்தால் உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு உருளை தெரியும். நூற்றுக்கணக்கான மெல்லிய துளைகள். அவற்றின் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவை கண்ணுக்குத் தெரியாத பூச்சாக இருக்கும். இதுதான் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். இன்ஜினிலிருந்து வரும் புகையில் மூன்று நஞ்சுகள்: கார்பன் மோனாக்சைடு, எரியாமல் தப்பிவந்த பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள். முதல் இரண்டையும் சாதுவாக்க ஆக்ஸிஜன் கொடுக்க வேண்டும். மூன்றாவதை சாதுவாக்க அதனிடமிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்க வேண்டும். ஒரே உருளைக்குள், ஒரே நேரத்தில், கொடுக்கவும் வேண்டும், பிடுங்கவும் வேண்டும்!

இது நடக்க ஒரே ஒரு வழிதான். புகையில் ஆக்ஸிஜன் மிச்சமும் இருக்கக் கூடாது, பற்றாக்குறையும் கூடாது. அப்போதுதான் ஒருவனிடம் பிடுங்கியது இன்னொருவனுக்குச் சரியாகப் போய்ச் சேரும். அந்தக் கணக்குதான் 14.7. ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று. லிட்டரில் சொன்னால் இன்னும் பிரமிப்பாக இருக்கும்: ஒரு லிட்டர் பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். சென்னையில் தெருவை அடைத்துக்கொண்டு வந்து நிற்கிறதே மெட்ரோ தண்ணி லாரி, அதில் ஒரு லாரி அளவு. இந்த விகிதத்திலிருந்து ஒரு சதவீதம் அப்படி இப்படிப் போனாலே தேன்கூட்டின் வேலை கெடத் தொடங்கிவிடும்.

கார்பரேட்டரால் இவ்வளவு கறாராக இருக்க முடியாது. அது எளிமையான, அழகான கருவி. காற்று ஒரு குறுகலான கழுத்து வழியாகப் போகும்போது வேகம் கூடும், அழுத்தம் குறையும்; அந்த இழுப்பில் ஜெட்டின் வழியாகப் பெட்ரோல் தானே மேலே வரும். மின்சாரமே வேண்டாம். ஆனால் அதற்குக் கண் கிடையாது. ஊட்டிக்கு ஏறினால் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அது கார்பரேட்டருக்குத் தெரியாது, பெட்ரோலை அதிகமாகவே ஊற்றும். வண்டி கரும்புகை விட்டுக்கொண்டு திணறும். ஜெட்டில் தூசி அடைத்தாலும் அதற்குத் தெரியாது. பி.எஸ். 4 வரை சைலன்சரில் ஒரு சிறு கன்வெர்ட்டரை வைத்து, கொஞ்சம் வெளிக்காற்றையும் ஊதிவிட்டு ஒப்பேற்றினார்கள். நைட்ரஜன் ஆக்சைடு கிலோமீட்டருக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று பி.எஸ். 6 சொன்னதும் அந்த ஒப்பேற்றல் முடிந்தது.

ஆகவே கண் வேண்டும். சைலன்சர் குழாயில் திருகப்பட்டிருக்கும் ஆக்ஸிஜன் சென்சார்தான் அது. சிர்கோனியா என்ற பீங்கான் வகை. ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. 300 டிகிரிக்கு மேல் சூடானால், இரு பக்கத்து ஆக்ஸிஜன் வித்தியாசத்தைப் பொறுத்து மின்னழுத்தம் தரும். பெட்ரோல் கூடினால் சுமார் 0.9 வோல்ட், காற்று கூடினால் சுமார் 0.1. நடுவில் நிற்காது, 14.7-ஐத் தாண்டும் இடத்தில் சட்டென்று தாவும். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்த்து, தீயைக் கூட்டிக் குறைப்பது போல, வண்டியின் குட்டிக் கணினியான இசியூ இந்தத் தாவலைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். 1976-லேயே வால்வோ கார்களில் வந்துவிட்ட சங்கதி. நம் கம்யூட்டர் பைக்குக்கு வந்து சேர 44 வருடம் ஆனது.

கண் வந்தால் கையும் வேண்டும் அல்லவா? அதுதான் இன்ஜெக்டர். நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும் இன்ஜினில், இரண்டு சுற்றுக்கு ஒன்றாக, விநாடிக்கு 50 தடவை, ஒவ்வொரு தடவையும் சில மில்லி விநாடி மட்டும் திறந்து மூடும். அவ்வளவு சிறிய அவகாசத்தில் அளந்து தெளிக்க, பெட்ரோல் எப்போதும் ஒரே அழுத்தத்தில் நிற்க வேண்டும். டேங்கிலிருந்து தானாகச் சொட்டினால் போதாது. அதற்குத்தான் பம்ப்.

பெட்ரோலுக்குள் மின்மோட்டாரா, தீப்பிடிக்காதா என்று பலரும் கேட்பார்கள். டேங்குக்குள் பெட்ரோல் ஆவி மிக அடர்த்தி. எரியும் அளவுக்கு அங்கே காற்று இல்லை. உண்மையில் பெட்ரோல்தான் அந்த மோட்டாருக்கு உயிர்: அதுதான் குளிர்விக்கிறது, அதுதான் மசகு. எப்போதும் நூறு ரூபாய்க்கு மட்டும் போட்டுக்கொண்டு, எரிபொருள் முள் அடியில் சிமிட்டச் சிமிட்ட ஓட்டினால் மோட்டார் பெட்ரோலுக்கு வெளியே நின்று வேகும். அடியில் தங்கிய கசடையும் உறிஞ்சும். சென்னையில் 2021 ஜூலையில் பெட்ரோல் நூறைத் தொட்டதிலிருந்து நான் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். என் பில்லில் என் பங்கும் உண்டு.

எத்தனால் பற்றியும் ஒரு வார்த்தை. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் லிட்டருக்கு உள்ள ஆற்றல், சுத்தமான பெட்ரோலைவிட 6, 7 சதவீதம் குறைவு. எத்தனால் தன்னிடமே ஆக்ஸிஜன் வைத்திருப்பதால் சென்சார் “காற்று கூடிவிட்டது” என்று சொல்லும். இசியூ இன்ஜெக்டரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறக்கும். வண்டி ஓடும் விதத்தில் வித்தியாசம் தெரியாது, மைலேஜில் தெரியும். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, பழைய வடிவமைப்பு இருசக்கர வண்டிகளுக்கு 3-4 சதவீதம் குறையும் என்றது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், பழைய ரப்பர் வாஷர்களை ஊறவைக்கும்.

விலைக்கு வருவோம். உலகின் ரோடியத்தில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவில் மட்டும் கிடைக்கிறது. 2021-இல் அதன் விலை அவுன்ஸுக்கு 25,000 டாலரைத் தாண்டியது; அப்போது தங்கம் 2,000-க்குக் கீழே. நகரங்களில் வேன் சைலன்சர் திருட்டு ஏன் பெருகியது என்று இப்போது புரியும். இந்தத் தேன்கூட்டைக் கெடுக்கப் பெரிய விபத்து எதுவும் தேவையில்லை. பிளக் சரியாகப் பொறி விடவில்லையென்றால், எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் அங்கே எரியும். துளைகள் உருகி அடைத்துக்கொள்ளும். நூறு, இருநூறு ரூபாய் பிளக்கை மாற்றச் சோம்பினால் ஆயிரக்கணக்கில் பில் வரும் கதை அதுதான்.

இவ்வளவும் வேதியியல் கேட்ட விலை, அதை ஒப்புக்கொள்கிறேன். புகை நிஜமாகவே குறைந்திருக்கிறது. ஆனால் மோட்டார், ஃபில்டர், ரெகுலேட்டர், மிதவை எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, ‘அசெம்ப்ளியாகத்தான் தருவோம்’ என்று விற்பதை எந்த வேதியியலும் கேட்கவில்லை.

கழற்றிய பம்பைக் கேட்டு வாங்கிவந்து வீட்டில் பிரித்தேன். வலை ஃபில்டரில் பழுப்பு நிறக் கசடு அப்பியிருந்தது. மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் இரண்டு கார்பன் பிரஷ்களும் தேய்ந்து உளுந்தம்பருப்பு அளவுக்கு வந்திருந்தன. மற்றதெல்லாம் புதிது போல இருந்தது. மெக்கானிக் அண்ணனுக்கு போன் செய்து சொன்னேன்.

“டப்பாவைத் தூக்கிப் போட்டுடாத தம்பி, கொண்டாந்து குடு. புதுப்பேட்டையில இப்ப மோட்டாரை மட்டும் தனியா விக்கிறாங்க. வேற யாருக்காவது அதுல மாட்டி ஓட்டிவிட்டுடலாம்.”