சிக்னல் குறைந்தால் சர்க்கரை குறைவு என்று எழுதாதீர்கள்

சரிபார்ப்புக்கு மறுபடியும் அதே மாதிரி ஓர் அறிக்கை. பென்சோயேட் என்ற பதனப்பொருள் சேர்த்த பழச்சாறு, நுண்ணுயிர் சென்சாரில் (உயிருள்ள பாக்டீரியா செல்களை வைத்துச் சர்க்கரையை அளக்கும் கருவியில்) சிக்னல் குறைவு, முடிவு: "சர்க்கரை குறைவு". செல்கள் நல்ல நிலையில் இருந்தனவா என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. இதை எத்தனை முறைதான் திருப்பி அனுப்புவது?

1975இல் டிவியெஸ் என்ற ஆய்வாளர் அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவின் செல்களை, ஆக்சிஜனை அளக்கும் மின்முனையில் வைத்து ஆல்கஹாலை அளந்தார். குளுக்கோனோபாக்டர் என்ற பாக்டீரியாவை வைத்து இன்று நாம் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். அந்த மின்முனைக்குச் சர்க்கரை என்றால் என்னவென்றே தெரியாது. செல் சர்க்கரையை எரிக்கும்போது செலவாகும் ஆக்சிஜனை மட்டும்தான் அது பார்க்கிறது. ஆக, சிக்னல் குறைய இரண்டு காரணம் இருக்கலாம். எரிக்கச் சர்க்கரை இல்லை, அல்லது எரிக்கச் செல்லுக்குத் தெம்பு இல்லை. பசியில்லாத நோயாளி சாப்பிடவில்லை என்பதற்காக வீட்டில் சோறே இல்லை என்று சொல்வோமா? பென்சோயேட்டும் சார்பேட் என்ற இன்னொரு பதனப்பொருளும் நுண்ணுயிரை அடக்கத்தான் உணவில் சேர்க்கப்படுகின்றன. அமிலக் கரைசலில் அவை இன்னும் கடுமையாக வேலை செய்யும். உங்கள் சென்சாரில் இருப்பதும் நுண்ணுயிர்தானே!

எதிர்த்திசையிலும் ஏமாறலாம். சல்பைட் என்ற பதனப்பொருள் தானாகவே ஆக்சிஜனோடு வினைபுரியும். செல் எதுவும் செய்யாமலே சிக்னல் ஏறும். ஆல்கஹாலும் குளுக்கோஸும் கலந்த மாதிரியில் குளுக்கோனோபாக்டர் இரண்டையுமே ஆக்சிஜனேற்றும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? அளந்த அதே பழச்சாற்று மாதிரியில் தெரிந்த அளவு குளுக்கோஸைச் சேர்த்து மறுபடி அளவிடுங்கள். எதிர்பார்த்த ஏற்றம் வரவில்லையென்றால் செல் அடங்கிக் கிடக்கிறது. மாதிரியில் நீர் சேர்த்து நீர்க்கச் செய்து மீண்டும் பாருங்கள். பக்கத்தில் செல் இல்லாத மின்முனை ஒன்றையும் கட்டாயம் ஓட்டுங்கள், சல்பைட் அங்கே மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் தரக் கரைசலுக்கு (சர்க்கரை அளவு தெரிந்த கரைசலுக்கு) திரும்புங்கள். காலையில் ஒருமுறை போட்ட அளவுத்திருத்தம் மாலைவரை தாங்கும் என்று நம்பாதீர்கள், தயவுசெய்து. வெப்பநிலை நகர்ந்தாலே செல்லின் சுவாச வேகம் மாறிவிடும்.

கால்சியம் ஆல்ஜினேட் என்ற ஜெல்லில் செல்களைப் பிடித்துவைப்பவர்களுக்கு ஒன்று: பழச்சாற்றின் சிட்ரேட்டும் பாஸ்பேட் பஃபரும் (அமிலநிலையை நிலையாக வைக்கும் கரைசலும்) ஜெல்லைப் பிடித்துவைத்திருக்கும் கால்சியத்தை இழுத்துக்கொள்ளும். ஜெல் இளகிச் செல்கள் வெளியேறும். பஃபரை மாற்றுங்கள், அல்லது கால்சியம் தேவைப்படாத ஜெல்லுக்குப் போங்கள்.