இசப்கோல், ஆளி விதை, சியா: பாக்கெட்டில் உள்ள கிராம் கணக்கு மட்டும் போதாது

மூன்று கண்ணாடி டம்ளர்களில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, ஒன்றில் ஒரு ஸ்பூன் இசப்கோல் உமி, அடுத்ததில் அரைத்த ஆளி விதை, மூன்றாவதில் சியா போட்டுக் கலக்குங்கள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், இசப்கோல் டம்ளர் ஏறக்குறைய முழுக்க வழுவழுப்பான கூழாகியிருக்கும். ஆளி விதைப் பொடியில் பெரும்பகுதி அடியில் தங்கி, மேலே உள்ள தண்ணீர் லேசாகக் கொழகொழக்கும். சியாவில் ஒவ்வொரு விதையும் தன்னைச் சுற்றி ஒரு மெல்லிய கூழ் உறையைப் போர்த்திக்கொண்டு நிற்கும்.

மலச்சிக்கலோடு என்னிடம் வருகிறவர்களில் பலர் இந்த மூன்றில் ஏதோ ஒன்றை ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். "எல்லாம் நார்ச்சத்துதானே டாக்டர், அப்புறம் ஏன் சரியாகப் போகவில்லை?" என்று கேட்கிறார்கள். 100 கிராம் சியாவில் சுமார் 34 கிராம், ஆளி விதையில் சுமார் 27 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. இசப்கோல் உமியில் எடையின் பெரும்பகுதியே நார்ச்சத்துதான். ஆனால் மலச்சிக்கலில் இந்த எண்களைவிட முக்கியமானது, அந்த நார் பெருங்குடலின் கடைசி வரைக்கும் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறதா என்பது.

பெருங்குடலின் முக்கியமான வேலை தண்ணீரை உறிஞ்சுவது. மலம் அங்கே அதிக நேரம் தங்கினால் தண்ணீர் போய் இறுகிவிடும். பல நார்ச்சத்துகளைக் குடல் பாக்டீரியாக்கள் வழியிலேயே நொதிக்கச் செய்துவிடுகின்றன. அது அந்தப் பாக்டீரியாக்களுக்கு நல்ல உணவு. ஆனால் தண்ணீரைப் பிடித்திருந்த நார் கரைந்துபோய், வாயுதான் மிஞ்சும். இசப்கோல் இதில் விதிவிலக்கு. அது கூழாகும், ஆனால் எளிதில் நொதிக்காது. எனவே அந்தக் கூழ் பெரும்பாலும் கடைசி வரை கூழாகவே போய்ச் சேர்கிறது. மலம் இளகுகிறது, அளவு கூடுகிறது, முக்க வேண்டியிருக்காது.

இதே காரணத்தால்தான் தண்ணீராகப் போகிறவர்களுக்கும் இசப்கோல் கொடுக்கிறோம். கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். உபரித் தண்ணீரை அந்தக் கூழ் வாங்கிக்கொள்வதால் மலம் ஓரளவு உருப்பெறுகிறது. ஒருநாள் இறுக்கம், மறுநாள் இளக்கம் என்று அவதிப்படும் ஐபிஎஸ் (IBS) எனும் குடல் எரிச்சல் நோய் உள்ளவர்கள் பலருக்கு இது கைகொடுக்கிறது.

அமெரிக்காவின் இரண்டு பெரிய குடல்நோய் மருத்துவச் சங்கங்கள் நாள்பட்ட மலச்சிக்கலுக்கு 2023-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியும், தாங்கள் பரிசீலித்த நார்ச்சத்துகளில் பலன் தருவதாகத் தெரிவது இசப்கோல் மட்டுமே என்கிறது. என் அனுபவமும் அதுதான். மலச்சிக்கலுக்கு மருந்தாக ஒரு விதை நார் வேண்டும் என்றால் முதலில் இசப்கோல். ஆளி விதையையும் சியாவையும் நல்ல உணவாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளி விதையின் நாரில் கரையாத வகையே அதிகம். இந்த வகை வேறு விதமாக வேலை செய்கிறது. கரடுமுரடான துகள்கள் குடல் சுவரைத் தூண்டும்போது, குடல் தானாகவே தண்ணீரையும் சளியையும் சுரக்கிறது. துகள் மாவுபோல் நைசாகிவிட்டால் இந்தத் தூண்டுதல் குறைந்துவிடும். அதற்காக விதையை முழுதாக விழுங்கிவிடாதீர்கள், அதன் மேல்தோல் கெட்டியானது. பல விதைகள் போனபடியே வெளியே வந்துவிடும். ஒன்றிரண்டாகப் பொடித்துச் சாப்பிடுவதுதான் சரி. பொடித்த பிறகு அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு காற்றுப்பட்டுச் சிக்கடித்துப்போகும் என்பதால், கொஞ்சம் கொஞ்சமாகப் பொடித்து மூடி, ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு மேசைக்கரண்டிப் பொடியில் சுமார் 2 கிராம் நார்தான் கிடைக்கும். ஆளி விதை எண்ணெயில் நார்ச்சத்து கிடையாது. அதைக் குடித்துவிட்டு மலச்சிக்கல் தீரவில்லை என்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சியா தன் எடையைப்போல் பத்து மடங்குக்கும் மேல் தண்ணீர் உறிஞ்சக்கூடியது. அதனால்தான் உலர்ந்த சியாவை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்காதீர்கள் என்கிறேன். 39 வயது ஆண் ஒருவர் அப்படி ஒரு மேசைக்கரண்டி சாப்பிட்டு, விதைகள் உணவுக்குழாயிலேயே உப்பி அடைத்து, மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்ததை மருத்துவர்கள் 2014-இல் பதிவு செய்திருக்கிறார்கள். நன்றாக ஊறவைத்துத்தான் சாப்பிட வேண்டும். விழுங்குவதில் சிரமம் இருப்பவர்கள் சியா, இசப்கோல் இரண்டையுமே மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. சப்ஜா பார்வைக்குச் சியா மாதிரி இருந்தாலும் வேறு செடியின் விதை. அதுவும் ஊறிய பிறகுதான்.

இனி எடுத்துக்கொள்ளும் முறை. பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான். முதல் நாளே இரண்டு மூன்று ஸ்பூன் என்று ஆரம்பித்து, வயிறு உப்பி, மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். இசப்கோலை நாளுக்கு 3 முதல் 5 கிராம் என்று தொடங்கி, வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டுங்கள். பலருக்கு 10 கிராமுக்குள் பலன் தெரியும். ஒவ்வொரு தடவையும் குறைந்தது 240 மில்லி தண்ணீரில் கலந்து, கூழாவதற்குள் குடித்துவிட வேண்டும். குடித்தவுடன் படுக்கக் கூடாது. மாத்திரை போட்ட மாதிரி ஒரு மணி நேரத்தில் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள்; முதல் பலன் தெரியவே 12 மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை ஆகும்.

வேறு மருந்துகள் சாப்பிடுகிறீர்களா? அந்தக் கூழ் மருந்தையும் உறிஞ்சவிடாமல் தடுக்கலாம். பொதுவாக இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள், தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரம். சுகருக்கு மருந்து எடுப்பவர்கள் சர்க்கரை அளவைக் கவனியுங்கள், இசப்கோல் அதையும் குறைக்கும். நோயாளிகளுக்கு அடிக்கடி இந்தப் பொடியைக் கலந்து கொடுக்கும் செவிலியர்களுக்கு ஒரு வார்த்தை: பறக்கும் தூசியைச் சுவாசித்தே ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வந்தவர்கள் இருக்கிறார்கள். மெதுவாகக் கொட்டுங்கள்.

நார்ச்சத்தால் தீராத மலச்சிக்கலும் உண்டு. கடும் வலிக்குத் தரப்படும் ஓபியாய்டு மருந்துகளால் வருவது ஒன்று. முக்கும்போது தளர வேண்டிய ஆசனவாய்த் தசை இறுகிக்கொள்வது இன்னொன்று. இரண்டாவது வகைக்குத் தசைப் பயிற்சிதான் சிகிச்சை. நாரைக் கூட்டக் கூட்ட அவர்களுக்கு வயிற்று உப்புசம்தான் கூடும். ஒரு மாதம் சரியான அளவில், சரியான தண்ணீரோடு எடுத்தும் மாற்றமில்லை என்றால், வேறு பாக்கெட் தேடாமல் மருத்துவரிடம் வாருங்கள்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, 45 வயதுக்கு மேல் திடீரென்று மாறிய மலப் பழக்கம், குடும்பத்தில் குடல் புற்றுநோய்: இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் பரிசோதனை, இசப்கோலெல்லாம் அப்புறம். வயிறு வீங்கி, வாந்தியும் வந்து, வாயுகூடப் பிரியவில்லை என்றால் குடலடைப்பாக இருக்கலாம். அந்த நிலையில் எந்த விதையையும் வாயில் போடாமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.